சிலோன் சிவஞானம்

மாத்தளைக் கடைத்தெருவில் சிவஞானத்தின் பேரை எடுத்தால் இன்றைக்கும் நாலு பேர் நாலு கதை சொல்வார்கள். இந்தியாவில் பெரிய ஆட்டக்காரனாகிவிட்டானாம். மில்காரர்கள் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்களாம். காரில்தான் போய் வருகிறானாம், பழைய ஆட்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறானாம். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் நான். காரும் இல்லை, வீடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உள்ளதை எழுதிவிட்டால் இந்த வாய்களாவது மூடுமே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் லாபிர். மாத்தளையின் திருகோணமலை வீதியில் என் வாப்பா ஸெய்னுலாப்தீனுக்கு மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கிற கடை இருந்தது. சிவஞானத்தின் அப்பா இருளாண்டி அந்தக் கடையில் நாட்டாமை. இந்தியாவில் யாராவது இதைப் படித்தால் ஊர்த் தலைவர் என்று எண்ணிக்கொள்வார்கள். எங்கள் பக்கம் மூட்டை தூக்குகிறவருக்குத்தான் நாட்டாமை என்று பேர். கடைக்குப் பின்னாலிருந்த ஓர் அறையில் அவரும் மனைவி சுந்தரம்மாவும் ஒரே மகன் சிவஞானமும் குடியிருந்தார்கள். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. வாப்பா எங்கள் இருவரையும் ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்துக் கம்பங்கள் நட்டபோது எங்களுக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ வயதிருக்கும். ஒரு பக்கத்துக் கம்பம் முதல் மழையிலேயே சாய்ந்துவிட்டது. கண்டியிலிருந்து ஆட வருகிறவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். சிவஞானத்துக்கு எந்த வளையமும் ஒன்றுதான். பதினைந்து வயதில் அவன் தலை கடை நிலையில் இடித்தது. கை அதைவிட நீளம். லொறிக்குச் சாமான் ஏற்றும்போது சின்னப் பைகளை ஆள் மாற்றி ஆள் எறிவார்கள். எறிகிறவன் தோளைப் பார்த்தே பை எங்கே வரும் என்று தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சில் வாங்க வேண்டியதுதான். லீவு நாளெல்லாம் அந்த வரிசையில் நின்றவனுக்குப் பந்து ஒரு பொருட்டா? நான் எங்கே எறிந்தாலும் அவன் கை அங்கே இருக்கும். அவன் போட்ட பந்து வளையத்தில் படாமலே விழும். பெருமைக்குச் சொல்லவில்லை, அவனுக்குப் பந்து கொடுக்கிறவன் என்றுதான் என்னையும் அணியில் வைத்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில்தான் இருளாண்டியின் விசாரணையும் வந்தது. சுதந்திரம் கிடைத்த கையோடு இந்திய வழி வந்தவர்களின் பிரஜாவுரிமையைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேண்டுமானால் மனுப் போடு, விசாரணைக்கு வா, இங்கேயே நிலைத்துவிட்டவன் என்று காட்டு என்றார்கள். இருளாண்டியும் மனுப் போட்டிருந்தார். விசாரணை முடிந்து கடைக்கு வந்தவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"மொதலாளி, துரை எங்கிட்ட எங்க ஊரப் பத்தித்தான் கேட்டாருங்க. யாழ்ப்பாணத்து ஐயா ஒருத்தரு தமிழ்ல எடுத்துச் சொன்னாரு. உம்மட ஊர் எதுன்னாரு. முசிறிப் பக்கமுங்கன்னேன். அங்க ஆரு இருக்கினம்னாரு. எங்க சாமி இருக்கு, பங்காளிங்க இருக்காங்கன்னேன். போக விருப்பமோன்னாரு. ஊருக்குப் போக ஆசை இல்லாத மனுசன் உண்டுங்களான்னேன். எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க!"

வாப்பா தராசைக் கீழே வைத்தார்.

"நீ முசிறியக் கண்ணால கண்டிக்கியா இருளாண்டி?"

"இல்லீங்க. எங்கப்பாதான் அங்கேருந்து வந்தாரு. நான் பொறந்தது எல்கடுவத் தோட்டத்துல."

"அதச் சொன்னியா?"

"அத யாரும் கேக்கலீங்களே, மொதலாளி."

வாப்பா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் ஏன் அப்படி உட்கார்ந்தார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. எங்களிடம் ஊர் எது என்று கேட்டால் எங்கள் வீடு இருக்கிற கொங்காவல என்போம். இருக்கிற இடம்தான் எங்களுக்கு ஊர். கேட்ட யாழ்ப்பாணத்துக்காரருக்கும் அப்படித்தான். இருளாண்டி போன்றவர்களுக்கு இருக்கிற இடம் தோட்டம், இல்லையென்றால் டவுன். ஊர் என்றால் அது கடலுக்கு அந்தப் பக்கம். தகப்பனோ பாட்டனோ விட்டு வந்த இடம், தான் ஒருநாளும் கண்டிராத இடம். அதை மரியாதைக்குச் சொல்வார்கள். சாமி பேரைச் சொல்கிற மாதிரி. அந்த மரியாதையைத்தான் மனுசன் விசாரணையில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

சில மாதங்களில் பதில் வந்தது. இந்தியாவில் பற்றுள்ளவர், இங்கே நிலைக்கும் எண்ணம் இல்லாதவர், ஆகவே இல்லை. இருளாண்டி ஓரிரண்டு நாள் முகம் வாடித் திரிந்தார். அதற்குள் மாசி மகம் வந்தது, மாரியம்மன் தேருக்கு வடம் பிடிக்கப் போய்விட்டார். மூட்டை தூக்கப் பிரஜாவுரிமை எதற்கு என்று எல்லோரும் அதை மறந்துபோனோம்.

பள்ளிக்கூடம் முடிந்து சிவஞானம் எங்கள் கடையிலேயே நிறுவைக்கு நின்றான். பொழுது சாய்ந்தால் ஆட்டம். மாத்தளை அணிக்கு ஆடினோம், பிறகு மத்திய மாகாணத்துக்கு ஆடினோம். அறுபத்தாறில் கொழும்பில் தேர்வு வைத்தார்கள். சிலோன் அணி ஒன்றை மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. சிவஞானத்தை எடுக்காமல் யாரை எடுப்பார்கள்? எடுத்தார்கள். நானும் போயிருந்தேன், என்னை மேலதிக ஆளாக வைத்தார்கள், யாருக்காவது காய்ச்சல் வந்தால் பார்க்கலாம் என்று. அவன் மாத்தளைக்குத் திரும்பியபோது கையில் மஞ்சள் பனியன், முதுகில் எட்டாம் நம்பர், நெஞ்சில் சிலோன் என்று பெரிய எழுத்து. சுந்தரம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாப்பா கடையைப் பூட்டிவிட்டு எல்லோருக்கும் புரியாணி போட்டார். இருளாண்டி கோயிலில் தேங்காய் உடைத்து உடைத்து ஐயரையே களைக்க வைத்துவிட்டார்.

"மச்சான், நான் கடலே கண்டதில்லடா. இப்ப அதுக்கு மேல பறக்கப் போறேன்" என்றான் சிவஞானம்.

பாஸ்போட் எடுக்கப் போனபோதுதான் கதை வெளிவந்தது. வாப்பா, இருளாண்டி, அவன், நான், நாலு பேரும் கொழும்புக்குப் போனோம். அங்கேயிருந்த அதிகாரி நல்ல மனுசர், திட்டவெல்லாம் இல்லை. சட்டப்படி தகப்பனும் இந்த நாட்டில் பிறந்திருந்தால் மகன் பிரஜை, அதைக் காட்டுங்கள், இன்றைக்கே முடித்துத் தருகிறேன் என்றார். எதைக் காட்டுவது? இருளாண்டி பிறந்தபோது தோட்டத்தில் யாரும் பிறப்புப் பதியவில்லை. ஏழெட்டு வயதில் கொழுந்துக் கூடை தூக்கியபோதுதான் அவர் பேரை வேலையாள் கணக்கில் முதல்முதலாகக் கூப்பிட்டார்கள். எல்கடுவையில் தேடிப் பார்த்தோம், அவர் பிறந்ததைக் கண்டவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை. சத்தியம் பண்ணித் தருகிறோம் என்றோம். அதிகாரி பழைய விசாரணையைச் சொன்னார். இவரே தன் வாயால் தன் ஊர் முசிறி என்று சொல்லியிருக்கிறாரே, இப்போது மகனுக்காக மாற்றிச் சொல்கிறார் என்றுதானே மேலே இருப்பவர்கள் நினைப்பார்கள்?

இருளாண்டி கும்பிட்டபடி நின்றார்.

"ஐயா, நான் பொய் சொல்லலீங்க. இருக்கறது மாத்தளை. ஊரு முசிறி. ரெண்டும் வேற வேறங்க."

வாப்பா அதைச் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தார், ஒரு தடவை, இரண்டு தடவை, வேறு விதமாக ஒரு தடவை. சிங்களத்தில் 'கம' என்றால் அதுவும் ஊர்தான். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். இரண்டு ஊர் உள்ள மனுசனை எனக்குத் தெரியாது முதலாளி என்றார். இருளாண்டிக்கு ஒரு ஊர்கூட இல்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்ல?

மாத்தளைக்குத் திரும்பினோம். சிவஞானம் அப்பாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனுசனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றான், கையில் மடித்த பனியன்.

"ஒன்னத்தான் போட்டிருக்காங்களாம். தோச்சுத்தான் கொண்டாந்தேன். ஒருக்காப் போட்டுப் பாத்தேன், அவ்வளவுதான்."

நான் போனேன். போயிருக்கக் கூடாது என்று எனக்கு இன்றுவரை தோன்றியதில்லை. நான் போகாவிட்டால் கண்டிக்காரன் ஒருவன் போயிருப்பான், வேறென்ன நடந்திருக்கும்? பனியன் எனக்குத் தொளதொளவென்று தொங்கியது. பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆடிய கொஞ்ச நேரமும் பழக்கதோஷத்தில் வலது மூலைக்கு எறிவேன், அங்கே ஆள் இருக்காது. எல்லா ஆட்டமும் தோற்றோம். அவன் வந்திருந்தால் இரண்டிலாவது ஜெயித்திருப்போம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் ஊர் திரும்பிய அன்று சிவஞானம் கேட்டதெல்லாம் ஆட்டத்தைப் பற்றித்தான்.

"மரத் தரையாடா?"

"ம்."

"சறுக்குமா?"

"சறுக்காது. பந்து நல்லா எழும்பும்."

"எழும்பும் என்னா..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். பிறகு மிளகு நிறுக்கப் போய்விட்டான்.

அந்தப் பனியன் இப்போது எங்கே என்று தெரியாது. உம்மா லாம்புச் சிமினி துடைக்க எடுத்திருப்பார்.

இரண்டு வருஷம் கழித்துக் கோயம்புத்தூர் மில் அணி ஒன்று கொழும்புக்கு ஆட வந்தது. எங்கள் மாகாணத்தோடும் ஓர் ஆட்டம். சிவஞானம் அன்று ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அவர்களின் மனேஜர் மூக்கின்மேல் விரலை வைத்தார். எங்கள் மில்லுக்கு வா, வேலையும் தருகிறேன், ஆட்டமும் தருகிறேன், ஆடுவதற்கென்றே சம்பளம் என்றார். அப்போது இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டு நாடற்றவர்களை அந்தப் பக்கம் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். மற்றவர்கள் அழுதுகொண்டு மனுப் போட்டார்கள். இவன் ஒருவன்தான் சிரித்துக்கொண்டு போட்டவன்.

"நீ பாரு மச்சான். அந்த அணியோட இந்தியப் பாஸ்போட்டுல கொழும்புக்கு வந்து எறங்குவேன். வெளிநாட்டுக்காரன்னு மாலை போடுவாங்க. அந்த ஆபீசு ஐயாவும் ஆட்டம் பாக்க வரட்டும்."

அதுதான் அவன் ஆசை. ஜெயிப்பதோ சம்பாதிப்பதோ இல்லை. வாசல் வழியாக விடாத வீட்டுக்குள் ஒரு தடவையாவது விருந்தாளியாக வந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

எழுபதில் போனார்கள். தலைமன்னாருக்குப் போகிற ரயிலுக்கு மலைநாட்டில் ஒப்பாரிக் கோச்சி என்றே பேர் வைத்துவிட்டார்கள், மேடை முழுக்க அப்படி அழுகை. சுந்தரம்மாவை இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள். இருளாண்டி மட்டும் புது வேட்டி கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "ஊருக்குப் போறேங்க மொதலாளி" என்று வாப்பாவின் கையைப் பிடித்தார். வாப்பா அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தார். சிவஞானம் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பந்து போடுகிற மாதிரி மணிக்கட்டை மடித்துக் காட்டினான்.

எழுபத்து மூன்றில் அந்த மில் அணி மறுபடியும் கொழும்புக்கு வருவதாகப் பத்திரிகையில் செய்தி. மாத்தளையே கிளம்பிவிட்டது என்று சொல்லலாம். ஒரு வேன் பிடித்து, கடைக்காரர்கள், பழைய ஆட்டக்காரர்கள், கோயில் ஆட்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனேன். மாலைகூட வாங்கியிருந்தோம். அணி வரிசையாக வந்து நின்றது. எட்டாம் நம்பரில் வேறொருவன் நின்றான். மனேஜரைத் தேடிப் போய்க் கேட்டேன். முழங்கால் போய்விட்டது, போன மாதம்தான் என்றார். சொல்லிவிட்டு ஆட்டம் பார்க்கத் திரும்பிக்கொண்டார். வேனில் திரும்பி வந்தவர்கள் நான் சொன்னதை நம்பவில்லை. பெரிய ஆளாகிவிட்டான், நம்மைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு வரவில்லை என்றார்கள். காரும் வீடும் அவனுக்கு அன்றைக்கு வந்தவைதான்.

இந்த வருஷம் சேலை எடுக்கக் கோயம்புத்தூர் போனேன். மில் வாசலில் நின்று சிவஞானம் என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. சிலோனிலிருந்து வந்தவர், பந்து ஆடுவார் என்றேன்.

"அட, சிலோனுங்களா? அப்படிச் சொல்லுங்க. பின்னால குடோன்ல இருப்பானுங்க" என்றார் காவல்காரர்.

குடோனில் பஞ்சுப் பொதிக்குக் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு காலை ஊன்றாமல் இழுத்து இழுத்து நடந்தான். அவ்வளவு உயரமான மனுசன் நொண்டுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. என்னைக் கண்டதும் கொக்கியைப் போட்டுவிட்டு வந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் அழுதோம், அதை மறைக்க என்ன இருக்கிறது?

அவன் சொன்னது இவ்வளவுதான். மூன்று வருஷம் ஆடினான். மைக்கில் "பந்து சிலோனிடம்" என்று சொல்லிச் சொல்லி அவன் பேரே சிலோன் ஆகிவிட்டது. பந்து வளையத்தில் விழுந்தால் கைதட்டுவார்கள், தவறினால் "சிலோனுக்கே போடா" என்று கத்துவார்கள். கூட ஆடியவர்கள் அப்பா என்ன செய்தார் என்று கேட்டபோது நாட்டாமை என்று சொல்லிவிட்டான். பண்ணையார் மகன் மூட்டை தூக்குகிறான் பார் என்று இன்றைக்கும் கேலி. மில்லில் அவன் பதிலி, யாராவது லீவு போட்டால் அந்த இடத்துக்கு அன்றைக்கு மட்டும் வேலை. நிரந்தரம் பண்ணச் சொல்லிக் கேட்டான். நம்ம ஊர்ப் பையன்களே காத்திருக்கிறார்கள் என்றார்களாம். சிமெண்டுத் தரையில் விழுந்து முழங்கால் போனதும் ஆட்டமும் போனது, பொதி இழுக்கிற வேலை மட்டும் மிஞ்சியது.

"நெஞ்சுல எழுத விடாத பேர வாயால கூப்புடுறாங்க மச்சான்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருளாண்டி முசிறிக்கும் போய்ப் பார்த்திருக்கிறார். பங்காளிகளைக் கண்டுபிடித்தார். சிலோன்காரன் நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறான் என்று திண்ணைக்குக்கூட ஏற்றவில்லையாம். வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பேரை அவர் எடுத்ததே இல்லை. சுந்தரம்மா முதலில் கண்ணை மூடினார், போன வருஷம் இருளாண்டியும் போய்ச் சேர்ந்தார்.

வேலை முடிந்து வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஓலைக் குடிசை, ஒற்றை அறை. மனைவி மங்களேஸ்வரியும் கப்பலில் வந்தவர்தான், உக்குவளைப் பக்கம். எங்கள் பேச்சைக் கேட்டதும் அந்தப் பிள்ளைக்கு முகமெல்லாம் பூரிப்பு, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். ஐந்து வயதில் ஒரு மகள், அப்பனைப் போலவே நீளக் கை. வாங்கிப் போன மிட்டாயைக் கொடுத்து, வழக்கமாகச் சின்னப் பிள்ளைகளிடம் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"பேரென்ன மகள்?"

"புஷ்பவதி."

"எந்த ஊரு?"

"மாத்தளை."

கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்தேன். மங்களேஸ்வரி சிரித்தார்.

"எங்க மாமா, இவ தாத்தா, சொல்லிக் குடுத்ததுங்க. சாவுற வரைக்கும் மடியில வச்சுக்கிட்டு இதத்தான் சொல்லிக் குடுத்தாரு. பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்பவும் இப்படித்தான் சொன்னா. டீச்சர் அகதியான்னு கேட்டாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிள்ளையின் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"இங்க பாரு மகள். இனி யாரு கேட்டாலும் கோயம்புத்தூருன்னுதான் சொல்லணும். மாத்தளைங்கிற பேச்சே எடுக்கப் படாது. வெளங்குதா?"

சிவஞானம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை மிட்டாயை வாயிலிருந்து எடுத்தது. ஒன்றும் தெரியாத ஆளுக்குச் சொல்கிற மாதிரி, பொறுமையாக எனக்குச் சொன்னது.

"இருக்கறது கோயம்புத்தூரு மாமா. ஊரு மாத்தளை."